ஸ்டியரிங் உதறினா அலைன்மெண்ட்டா? அடப் போங்கப்பா!

விருதுநகர் மாவட்டத்தில் காருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அலைன்மெண்ட். டயர் ஓரம் தேய்கிறதா? அலைன்மெண்ட். மைலேஜ் குறைந்து போச்சா? அலைன்மெண்ட். புது ரிம், புது டயர் மாட்டிய மறுநாள் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறுகிறதா? அதுக்கும் அலைன்மெண்ட்! காய்ச்சல், வயிற்றுவலி, காதல் தோல்வி எல்லாத்துக்கும் ஒரே மாத்திரையை எழுதித் தரும் டாக்டர் மாதிரி. முதல் மூன்றுக்காவது அந்த மாத்திரையில் ஏதோ நியாயம் இருக்கிறது. நாலாவதுக்குக் கொடுப்பது சுத்த ஏமாற்று வேலை. அல்லது அறியாமை. இரண்டில் எதுவானாலும் காசு போவது காருக்குச் சொந்தக்காரருக்குத்தான்.

ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். (ஆலங்குளம் என்றவுடன் தென்காசிப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். இது நம்ம சிமெண்ட் ஆலங்குளம், வெம்பக்கோட்டை தாலுகா.) அங்கே ஒருத்தர் தன் சின்னக் காருக்கு அலாய் வீலும் டயரும் மாட்ட நினைத்தால் சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ போவார், ரொம்ப ஆசை இருந்தால் மதுரைக்குப் போவார். மாட்டிவிட்டு வரும்போது எல்லாம் சுகம். ஊர் ரோட்டில் நாற்பது, ஐம்பதுதான் போக முடியும், அதில் ஒன்றும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பி, சாத்தூரில் நாலுவழிச் சாலை ஏறி எண்பதைத் தொட்டதும் ஆரம்பிக்கும் கச்சேரி. ஸ்டியரிங் கையில் நிற்காது. தொண்ணூறில் உச்சம். நூற்றுப்பத்தில் பாதி அடங்கிவிடும். திரும்பி வந்து கடையில் சொன்னால் கிடைக்கும் பதில்கள் எந்த ஊர்க் கடையிலும் ஒரே வரிசையில்தான் வரும்.

"புது டயர்ல அண்ணாச்சி, கொஞ்சம் ஓட ஓட செட் ஆயிரும்."

"நம்ம ரோடு அப்படி அண்ணாச்சி."

"அலைன்மெண்ட் பாத்துருவோம் அண்ணாச்சி."

"ஸ்டியரிங் ராக் போயிருக்கும் போல அண்ணாச்சி."

நாலாவது பதிலுக்கு வரும்போது பில் ஐந்து இலக்கத்தை எட்டிப் பார்க்கும். உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, அலைன்மெண்ட் என்றால் என்ன? சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன, எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்கிற கணக்கு. டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று கோணங்கள். இவை கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் சீவிவிட்ட மாதிரி தேயும். ஆனால் இந்தக் கோணங்கள் எதுவும் சுற்றுவதில்லை. நின்ற இடத்தில் நிற்கும் ஒரு கோணம் எப்படி நொடிக்குப் பதினைந்து தடவை ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டும்? வேகத்துக்கு ஏற்பத் தாளம் போட்டு உதறுகிறது என்றால், உதறுவது சுற்றுகிற ஏதோ ஒன்று. நேற்று வரை உதறாத வண்டியில் நேற்று மாற்றியது என்ன? ரிம்மும் டயரும். இதைக் கண்டுபிடிக்க ஷெர்லாக் ஹோம்ஸ் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பையன் போதும்.

புது டயரை மாட்டிய பிறகு ஒரு தடவை அலைன்மெண்ட் பார்ப்பது நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. டயரின் ஆயுளுக்கு நல்லது. உதறலுக்கு அது வைத்தியம் இல்லை என்பதுதான் விஷயம். தேய்ந்த பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் உதறலைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதும் உண்மை. ஆனால் பெரிதாக்குவதற்கு முதலில் உதறல் என்று ஒன்று வேண்டுமே... அது சக்கரத்திலிருந்துதான் வருகிறது.

இனி பேலன்சிங். கடைக்காரர்கள் இதை ஒரு சடங்கு மாதிரி செய்கிறார்கள். மெஷினில் மாட்டு, சுற்று, வெயிட்டை அடி, அடுத்த சக்கரம். "இருபது கிராம்தானே, அது என்ன செஞ்சிரப் போவுது" என்று ஒரு கேள்வி வேறு. என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினான்கு அங்குல ரிம்மின் விளிம்பில், அதாவது மையத்திலிருந்து சுமார் 18 செ.மீ. தூரத்தில், 20 கிராம் கூடுதலாக இருக்கிறது. வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 15 சுற்று சுற்றும். பள்ளியில் படித்த மையவிலக்கு விசைக் கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 3 கிலோ வருகிறது. நொடிக்குப் பதினைந்து தடவை மூன்று கிலோ எடையை மேலும் கீழும் முன்னும் பின்னும் வீசி இழுக்கிற வேலை! 50 கி.மீ. வேகத்தில் இது நாலில் ஒரு பங்குதான். ஊருக்குள் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். நூற்றுப்பத்தில் பாதி அடங்குகிறதே என்றால், சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் இயல்பாகவே ஆடப் பிடித்த ஒரு தாளம் உண்டு. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும், தாண்டிவிட்டால் குறையும். குறைந்துவிட்டது என்பதற்காகக் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பட்டாசு மருந்தைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கலக்கிற பூமி இது. ஒரு சிட்டிகை கூடினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதே ஊரில் டயர் கடையில் மட்டும் "இருபது கிராம்தானே" என்றால் எப்படி?

போகட்டும். இன்னொரு கட்சி இருக்கிறது. அவர்கள் பேலன்சிங் ஒழுங்காகவே செய்திருப்பார்கள். மெஷினில் பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டும். போட்டோ எடுத்தும் அனுப்புவார்கள். ஆனாலும் வண்டி உதறும். "மெஷின்ல சரியா இருக்கு, அப்ப வண்டியிலதான் கோளாறு" என்று கையை விரிப்பார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போய் ஸ்டியரிங் ராக் மாற்ற ஒத்துக்கொள்கிறார்கள். அலாய் வீல் மாட்டியவர்கள் இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

பேலன்சிங் மெஷின் சக்கரத்தை எதை வைத்துப் பிடிக்கிறது? நடு ஓட்டையை வைத்து. ஒரு கூம்பை உள்ளே தள்ளி, சக்கரத்தை மையத்தில் நிறுத்திச் சுற்றுகிறது. வண்டியில் சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது எது? கம்பெனி ரிம் என்றால், ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தில் ரிம்மின் நடு ஓட்டை கச்சிதமாக உட்காரும். மாருதி சுசூகியின் பல சின்னக் கார்களில் அந்த அளவு 54.1 மி.மீ. ஆனால் வெளிச்சந்தையில் விற்கும் அலாய்கள் பல கம்பெனிக் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய ஓட்டையோடு வருகின்றன. 67.1 அல்லது 73.1 மி.மீ. என்பது சாதாரணமாகக் காணக்கூடிய அளவு. அதாவது 54.1 ஹப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறரை முதல் ஒன்பதரை மில்லிமீட்டர் வரை சும்மா காற்று! மெஷினில் ஒரு மையம், வண்டியில் இன்னொரு மையம். மெஷின் காட்டிய பூஜ்யம் மெஷினில் இருக்கும் வரைக்கும்தான் பூஜ்யம்.

சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நாலு கலர் பிளேட்டும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். ரிஜிஸ்டர் அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், காலண்டரில் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். "பிளேட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பேப்பர்லதான் கோளாறு" என்று சொன்னால் எந்த முதலாளியாவது ஒத்துக்கொள்வாரா?

அரை மில்லிமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. ரிம்மும் டயரும் சேர்ந்து 15 கிலோ என்று வையுங்கள். அது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால், ரிம் விளிம்பில் சுமார் 40 கிராம் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம். மேலே பார்த்த இருபது கிராம் கூத்தைப் போல இரண்டு மடங்கு. அரை மில்லிமீட்டர் என்பது நாலைந்து தாள்களை அடுக்கினால் வரும் கனம். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட்டால் தெரியாது. தொண்ணூறில் போனால் மட்டும் தெரியும்.

இதற்கு ஒரு மாற்றுவாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. கூம்பு வடிவ நட்டே ரிம்மை மையத்துக்கு இழுத்து உட்கார வைக்கும், ஓட்டை பெரிதாக இருந்தால் என்ன என்பார்கள். சரி, உட்கார வைக்கும்தான். எப்போது? சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, எல்லா நட்டையும் முதலில் கையால் சமமாகத் திருகி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால். நடப்பது என்ன? முதல் நட்டை ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று முழுசாக இறுக்கி, ரிம் எந்தக் கோணலில் இருந்ததோ அந்தக் கோணலிலேயே பூட்டிவிட்டு, மிச்ச மூன்றை வரிசையாக அதே 'டர்ர்ர்'. முதல் நட்டு முடிவு செய்ததுதான் மையம். "ஆயிரம் வண்டிக்கு இப்படித்தான் மாட்டிருக்கோம்" என்பார்கள். ஆயிரத்தில் எத்தனை பேர் தொண்ணூறில் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்து சொன்னார்கள், எத்தனை பேர் "நம்ம வண்டி இப்படித்தான்" என்று பழகிக்கொண்டார்கள் என்று எந்தக் கடையிலும் நோட்டு கிடையாது.

வைத்தியம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. வெளிவட்டம் ரிம்மின் ஓட்டைக்கு, உள்வட்டம் வண்டியின் ஹப்புக்கு. நாலு வளையம் போட்டால் காற்று நிரம்பிவிடும். அலாய் வீலின் மொத்த விலையோடு பார்த்தால் அது உப்பு புளி செலவு. ஆனால் அலாய் வாங்கப் போகிறவரிடம் டிசைன் கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள், ஐ.எம்.ஐ. வேண்டுமா என்று கேட்கிறார்கள்... ஹப் அளவு என்ன என்று கேட்கிற கடை அபூர்வம். வாங்குகிறவரும் கேட்பதில்லை. கறுப்பா சில்வரா என்பதில் அரைநாள் போகும்.

நட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். எல்லா நட்டும் நட்டு அல்ல. ரிம்மில் போய் உட்கார்கிற முகம் சில வண்டிகளில் 60 டிகிரி கூம்பு, ஹோண்டாவின் கம்பெனி ரிம்களில் உருண்டை, டொயோட்டாவின் சில கம்பெனி அலாய்களில் தட்டை வாஷர். ஹோண்டாவின் உருண்டை நட்டை வெளிச்சந்தை அலாயின் கூம்புக் குழியில் போட்டால், முழு முகமும் பதியாமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். ஓட ஓடத் தளரும். இங்கே விஷயம் உதறலைத் தாண்டிவிடுகிறது. தளர்ந்த நட்டு ஓட்டையை அகலமாக்கும், ஸ்டட்டை அறுக்கும், கடைசியில் சக்கரம் தனியாக, வண்டி தனியாக. அப்படிக் கழன்று ஓடும் சக்கரம் யார் மேல் போய் மோதும் என்று யாருக்கும் தெரியாது. உதறல் என்பது அதற்கு முன்னால் வண்டி கொடுக்கிற தந்தி. அந்தத் தந்தியைப் படிக்காமல் "செட் ஆயிரும் அண்ணாச்சி" என்று அனுப்பி வைப்பதை என்ன சொல்ல?

அதிகமாக இறுக்குவதும் தப்புதான். சின்னக் கார்களுக்கு நட்டின் இறுக்கம் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை, வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். ஏர் கன் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும், அதுவும் நட்டுக்கு நட்டு வேறு வேறு அளவில். சமமில்லாமல் இறுக்கினால் பிரேக் டிஸ்க்கே கோணலாகலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் சந்தேகம் முதலில் அந்தப் பக்கம் போக வேண்டும். டார்க் ரெஞ்ச் என்கிற சாமான் எத்தனை டயர் கடைகளின் சுவரில் தொங்குகிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். தொங்கினால், அதன் மேல் எவ்வளவு தூசி இருக்கிறது என்றும் பாருங்கள்.

தூசி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ரிம்மைக் கழற்றினால் ஹப்பின் முகத்தில் துரு, மண், ஆலங்குளம் பக்கம் ஓடிய வண்டி என்றால் சிமெண்ட் பொடியும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். ஒரு கம்பி பிரஷ் வைத்து இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் புது ரிம்மை அதன் மேலேயே வைத்து இறுக்கினால் ரிம் சாய்ந்துதான் உட்காரும். இரண்டு நிமிஷ வேலை. செய்வதில்லை.

இப்போது டயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் உண்மையில் இதுதான்.

டயர் விஷயத்தில் நாம் ஒன்றும் ஏப்பை சாப்பை இல்லை. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மென் மாப்பிள்ளையின் கம்பெனி 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்து, 1960களில் டயர் போட ஆரம்பித்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். இன்றைக்கு ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின். ரிம்முக்கும் வெளியே போக வேண்டாம், சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா 1960களிலிருந்து ரிம் செய்கிறது. டயரும் இங்கே, ரிம்மும் இங்கே. இரண்டையும் சேர்த்து மாட்டுகிற அரைமணி நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

எப்படி? எந்த டயரும் முழு வட்டம் இல்லை. பல அடுக்கு ரப்பர், துணி, எஃகுக் கம்பி எல்லாம் ஒட்டிச் செய்கிற பொருள். எங்கோ ஓரிடத்தில் ஒட்டு கொஞ்சம் தடிமனாக, விறைப்பாக இருக்கத்தான் செய்யும். அதனால் தொழிற்சாலையில் கார் டயர்களை மெஷினில் அழுத்திச் சுற்றிப் பார்த்து, விறைப்பு உச்சமாக இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும், எடை குறைவான இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளியும் வைப்பது பல கம்பெனிகளின் வழக்கம். ரிம்மில் பள்ளமான இடம் எது என்று அடையாளம் இருந்தால் சிவப்புப் புள்ளியை அதற்கு நேராக வைக்க வேண்டும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் கழிந்து வட்டம் சரியாகும். ரிம்மில் அடையாளம் இல்லையென்றால் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைக்க வேண்டும். வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் எடை கூடுதல், புள்ளி இருக்கும் இடம் எடை குறைவு. இரண்டும் கழிந்தால் ஒட்ட வேண்டிய வெயிட் குறையும்.

இதற்கு மெஷின் வேண்டாம், படிப்பு வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம். கண் போதும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய மெஷின் கண்டுபிடித்துச் சொன்ன செய்தி அந்தப் புள்ளி. அதைக் கடையில் கேட்டால் என்ன பதில் வருகிறது? "அது கம்பெனிக்காரன் செக்கிங் மார்க் அண்ணாச்சி, அழிஞ்சிரும்." அழிஞ்சிருமாம்!

டயர் வட்டமில்லாமல் இருப்பதைச் சாதாரண பேலன்சிங் மெஷின் கண்டுபிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முட்டை வடிவச் சக்கரத்தைக் கூட வெயிட் ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். எடை சமமாகிவிடும், வடிவம் முட்டையாகவே இருக்கும். தரையில் உருட்டினால் குதிக்கும். சுமையை அழுத்தி அளக்கும் 'ரோடு ஃபோர்ஸ்' மெஷின்கள் உலகத்தில் எப்போதோ வந்துவிட்டன. அது நம்ம ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு ஒரு நூல் இடைவெளியில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் போதும். இடைவெளி கூடிக் குறைந்தால் டயரோ ரிம்மோ ஆடுகிறது. டயரை ஒட்டி ஒரு தடவை, ரிம் விளிம்பை ஒட்டி ஒரு தடவை பார்த்தால் குற்றவாளி யார் என்றும் தெரிந்துவிடும். ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் ஆடினால், காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கலாம், பல நேரம் சரியாகிவிடும். ரிம்முக்குப் பக்கத்தில் டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் ரிம்மில் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

"ஓட ஓட செட் ஆயிரும்" என்பதில் ஒரே ஒரு வகைக்கு மட்டும் உண்மை இருக்கிறது. வண்டி ரொம்ப நாள் நின்ற இடத்திலேயே நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகும் உதறினால் அது செட் ஆகப் போவதில்லை. ரோட்டைத் திட்டுவதும் அப்படித்தான். நம்ம ரோட்டில் ரிம் நெளியும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாட்டிய முதல் நாளே, அதுவும் சாத்தூர் நாலுவழிச் சாலையில் உதறினால் ரோடு என்ன பாவம் செய்தது?

இந்த மொத்த விவகாரத்திலும் ரொம்பச் சாமர்த்தியமான வேலை ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச்! பழைய டயரையும் ரிம்மையும் கடையிலேயே போட்டால் விலையில் கொஞ்சம் கழித்துத் தருவார்கள். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் உதறலுக்குக் காரணம் புதுச் சக்கரமா வண்டியா என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய சக்கரம்தான். அதை மாட்டி எண்பதில் ஓட்டினால் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும். உதறல் போனால் புதுச் சக்கரத்தில் கோளாறு, கடைக்காரர் பொறுப்பு. போகவில்லை என்றால் வண்டியில் கோளாறு, வாயை மூடிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். சாட்சியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் வழக்கு எப்படி நிற்கும்? கடைக்காரர்கள் எல்லாரும் திட்டம் போட்டு இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. பலன் அப்படித்தான் முடிகிறது என்பதுதான் விஷயம். புது டயரில் நெடுஞ்சாலை வேகம் போய்ப் பார்க்கும் வரை பழையதை வீட்டு மூலையில் போட்டு வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் காசு அடுத்த வாரமும் கிடைக்கும்.

பழையது போய்விட்டதா? முன் சக்கரங்களைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பொதுவாக முன் சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரக் கோளாறு சீட்டிலும் தரையிலும் தெரியும். மாற்றியதும் உதறல் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இறங்கிவிட்டால் இரண்டு சக்கரங்களில் ஒன்று மாட்டிக்கொண்டது. செலவு பூஜ்யம்.

டயர் கடையில் வேர்த்துக்கொண்டு வேலை பார்க்கும் பையன் மேல் யாரும் பாயக் கூடாது. அவனுக்கு டார்க் ரெஞ்ச் வாங்கித் தராதது முதலாளி. புள்ளியைப் பற்றிச் சொல்லித் தராதது, கடை வாசலில் தன் பெயரைப் பெரிய போர்டாக மாட்டிவிட்டுப் போன டயர் கம்பெனி. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று நெருக்குகிற கடையில் அவன் கம்பி பிரஷ் எடுத்தால் அடி அவனுக்குத்தான். கம்பெனி டயருக்கு ஐந்து வருஷ வாரண்டி தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறது. மாட்டிய விதத்துக்கு வாரண்டி யார் தருகிறார்கள்?

சொந்தக் காருக்கு அலாய் மாட்டுகிறவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சல். வெம்பக்கோட்டைப் பக்கம் விடிகாலையில் பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன்காரர் அப்படியில்லை. டயர் மாற்றுவது அவருக்கு ஆசையல்ல, செலவு. உதறினாலும் ஓட்டித்தான் ஆக வேண்டும், டிரிப் போனால் கூலி போச்சு. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு டோவும் தெரியாது, கேம்பரும் தெரியாது. அந்த வேனில் நட்டு தளர்ந்து உதறுகிறதா, வெயிட் உதிர்ந்து உதறுகிறதா என்று பார்க்காமல் அலைன்மெண்ட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினால், எடுத்தது வெறும் காசு மட்டும் இல்லை.

ஆகவே அடுத்த தடவை புது ரிம், புது டயர் மாட்டி ஸ்டியரிங் உதறினால், மாட்டிய கடையிலேயே போய் நின்று இலவசமாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் நட்டு சரியான வகையா, சரியான இறுக்கமா. பிறகு சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, பூஜ்யம் வந்ததும் கழற்றி, மெஷினில் அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யம் வந்தால் மெஷின் மையத்தில் பிடித்திருக்கிறது. வேறு எண் வந்தால் முதல் பூஜ்யமே பொய். அதற்கப்புறம் ஹப்புக்கும் ரிம் ஓட்டைக்கும் நடுவில் இடைவெளி, அதற்கப்புறம் குச்சி. அலைன்மெண்ட் என்ற வார்த்தை அதுவரை யார் வாயிலும் வரக் கூடாது. மாட்டி எண்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கம் பார்க்கவும் போக வேண்டும். அதற்குக் கடைக்காரர் கூப்பிட மாட்டார், நீங்களேதான் போக வேண்டும்.